முடிச்சு எத்தனை, சேலை எத்தனை?

பட்டறைப் பேச்சு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த பதினெட்டுக் கடிதங்களில் ஏழு கடிதங்கள் ஒரே சொல்லைப் பற்றியவை: ஓகேஆர், அதாவது நோக்கமும் முக்கிய விளைவுகளும் (Objectives and Key Results) என்று இலக்கு எழுதும் முறை. போன மாதம் வரை ஜிஎஸ்டியும் கரண்ட் பில்லும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று இதைக் கேட்கிறார்கள் என்றால், ஏதோ ஒரு பயிற்சி வகுப்பு மதுரைப் பக்கம் சுற்றி வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் முப்பத்தோரு வருஷம் ரப்பர் பட்டறையில் இருந்தவன். இந்தச் சொல்லை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தபோது பாதி சந்தோஷம், பாதி வயிற்றெரிச்சல். இது முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒரு தீபாவளி போனஸ் விவகாரத்தில் மானம் தப்பியிருக்கும். அந்தக் கதை கீழே வருகிறது.

ஐயா, வடபழஞ்சி ஐ.டி. பூங்காவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆறு பேர் கொண்ட டீமுக்கு லீடாக இருக்கிறேன். ஜனவரியிலிருந்து ஓகேஆர் முறை வந்திருக்கிறது. மூன்று மாதம் முடிந்து மதிப்பெண் போட்டதில் எங்களுக்கு 0.7 வந்தது. மேனேஜர் "சூப்பர்" என்கிறார். எனக்குத்தான் உறுத்துகிறது. எங்கள் அப்பா 92 வாங்கினால் மீதி 8 எங்கே என்று கேட்பவர். இது என்ன கணக்கு?
– டீம் லீட், நாகமலை புதுக்கோட்டை

தம்பி, அப்பா கேட்டது பரீட்சைக் கணக்கு. அங்கே கேள்வித்தாளை வேறு ஒருவர் தயாரிக்கிறார், நூற்றுக்கு நூறு என்பது அவர் போட்ட எல்லை. ஓகேஆரில் கேள்வித்தாளை நீங்களே எழுதுகிறீர்கள். நூறு வாங்க வேண்டும் என்று ஆரம்பித்தால் எல்லோரும் சுலபமான கேள்வியாகத்தான் எழுதுவார்கள்.

மற்ற வாசகர்களுக்காக இரண்டு வரி. ஓகேஆரில் இரண்டு பகுதி. எங்கே போகப் போகிறோம் என்று ஒரு வாக்கியம், அது நோக்கம். போய்ச் சேர்ந்தோமா என்பதை எதை வைத்துச் சொல்வது என்று மூன்று அல்லது நாலு எண்கள், அவை முக்கிய விளைவுகள். அவ்வளவுதான். குறிக்கோளை வைத்து நிர்வாகம் பண்ணுவதைப் பற்றி 1954இலேயே மேலாண்மை அறிஞர் பீட்டர் ட்ரக்கர் எழுதிவிட்டார். ஹங்கேரியிலிருந்து அகதியாக அமெரிக்கா போய், இன்டெல் கம்பெனியின் தலைவராக உயர்ந்த ஆண்டி க்ரோவ்தான் அதோடு எண்ணைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். எழுபதுகளில் அங்கே அவரிடம் பாடம் கேட்ட ஜான் டோர், 1999இல் கூகுளில் முதலீடு செய்தபோது பணத்தோடு இந்தப் பழக்கத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போது கூகுளில் இருந்தவர்கள் ஒரு கல்யாண மினி பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடக்கூடிய கூட்டம்தான்.

உங்கள் 0.7க்கு வருகிறேன். கூகுளில் இலக்கை இரண்டு வகையாகப் பிரிக்கிறார்கள். ஒன்று வாக்குக் கொடுத்தது. அதில் 1.0 வந்தே ஆக வேண்டும். இன்னொன்று எட்டிப் பிடிக்கப் பார்ப்பது. அதில் 0.6, 0.7 வந்தால் நல்ல விளைச்சல். எப்போதும் 1.0 வந்தால் இலக்கைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். மேனேஜர் இந்தப் பிரிவைச் சொல்லாமல் 0.7 நல்லது என்று மட்டும் சொல்லியிருந்தால் அது ஆபத்து. 400 இலைக்குச் சமையல் ஒப்புக்கொண்டவர் 280 இலை போட்டுவிட்டு, அண்ணே 0.7 வந்திருக்கிறது என்று சொன்னால் கல்யாண வீட்டில் என்ன நடக்கும்? வாடிக்கையாளருக்குத் தேதி சொன்ன வேலை, சம்பளப் பட்டியல், பாதுகாப்புக் கோளாறு, இதெல்லாம் இலைக் கணக்கு. உங்கள் ஓகேஆர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இது இலையா, எட்டிப் பிடிப்பதா என்று பென்சிலால் எழுதுங்கள். உறுத்தல் பாதி போய்விடும்.

எட்டிப் பிடிப்பதற்கு நம் ஊரில் பிறந்தவர் கதையே இருக்கிறது. சுந்தர் பிச்சை 1972இல் மதுரையில் பிறந்தவர். வளர்ந்தது சென்னை, அதனால் முழு உரிமை கொண்டாட முடியாது. குரோம் உலாவி 2008 செப்டம்பரில் வெளியானபோது அதன் பொறுப்பு அவரிடம் இருந்தது. அந்த வருஷ முடிவுக்குள் வாரந்தோறும் பயன்படுத்துகிறவர்கள் 2 கோடி பேர் என்று இலக்கு. வரவில்லை. அடுத்த வருஷம் இலக்கைக் குறைக்காமல் 5 கோடி என்றார்கள். வந்தது 3 கோடியே 80 லட்சம். மூன்றாவது வருஷம் 11 கோடியே 10 லட்சம் என்று எழுதினார்கள், அதைத் தொட்டார்கள். நான் இதில் பார்ப்பது மூன்றாவது வருஷ வெற்றியை இல்லை. இரண்டு தடவை தவறிய டீமை யாரும் கலைக்கவில்லை என்பதைத்தான் பார்க்கிறேன். அந்த எண் பெரிதாக இருந்ததால்தான் இருக்கிற வழியிலேயே இன்னும் கொஞ்சம் ஓடுவது போதாது என்று அவர்களுக்குப் புரிந்தது. கணினி தயாரிப்பவர்களிடம் பேசி, புதுக் கணினியிலேயே குரோமைப் போட்டுத் தரச் செய்தார்கள். மேக் கணினிக்கும் கொண்டுவந்தார்கள்.

உங்கள் 0.7இல் அப்படி ஏதாவது புது வழி பிறந்ததா? இதைத்தான் மேனேஜர் கேட்டிருக்க வேண்டும். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் முதலாளி இந்த வருஷத்துக்கு 23 ஓகேஆர் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். சரியா?
– கணக்காளர், வில்லாபுரம்

அதற்குப் பெயர் மளிகைச் சீட்டு. 20ஐ அடித்துவிட்டு மீதி மூன்றைத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். எதை அடிப்பது என்று அவர் திண்டாடுவார் பாருங்கள், உண்மையில் யோசிக்க ஆரம்பிப்பது அப்போதுதான். நீங்கள் சொன்னதாக மட்டும் சொல்லாதீர்கள், பத்திரிகையில் போட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

அண்ணே, எங்களுடையது சுங்குடிச் சேலை வியாபாரம். மாமனார் காலத்துக் கடை, விளக்குத்தூண் பக்கம். கடையில் ஒன்பது பேர், வீட்டிலிருந்தே முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் பெண்கள் முப்பது பேர். எம்.பி.ஏ. படிக்கும் மகன் ஓகேஆர் எழுதச் சொன்னான். எழுதினேன். நோக்கம்: வியாபாரத்தைப் பெருக்குவது. முக்கிய விளைவுகள்: 1. வாரம் மூன்று ரீல்ஸ் போடுவது. 2. இரண்டு கண்காட்சியில் கடை போடுவது. 3. பத்துப் புது நிறம் இறக்குவது. 4. முடிச்சுக்காரப் பெண்களைக் கூட்டி ஒரு கூட்டம் நடத்துவது. மகன் பார்த்துவிட்டு "இது தப்பும்மா" என்கிறான். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. போன சித்திரையில் ஆர்டர் நிறைய வந்தும் நேரத்துக்குக் கொடுக்க முடியாமல் பழைய வாடிக்கையே பாதி கைவிட்டுப் போனது. இந்த வருஷமாவது நிமிர வேண்டும்.
– சுங்குடிக் கடை உரிமையாளர், மதுரை

தங்கச்சி, மகன் சொன்னது சரி. ஏன் என்று உங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம்.

முடிச்சுப் போடுகிற பெண்ணிடம் இன்றைக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், 600 முடிச்சு போட்டாச்சு என்பார். அது அவர் செய்த வேலை. கடைக்கு வருகிறவர் முடிச்சை வாங்க வரவில்லை. சாயம் ஏறி, காய்ந்து, முடிச்சு அவிழ்ந்து, புள்ளி தெளிவாகப் பூத்த சேலையை வாங்க வருகிறார். நீங்கள் எழுதிய நாலும் முடிச்சு. ஒன்றுகூடச் சேலை இல்லை. வாரம் மூன்று ரீல்ஸ் தவறாமல் போட்டு, இரண்டு கண்காட்சிக்கும் போய், பத்து நிறமும் இறக்கி, கூட்டத்தில் காபி, பஜ்ஜி எல்லாம் கொடுத்து, நாலுக்கு நாலு மார்க் வாங்கிவிட்டு, அடுத்த சித்திரையிலும் இதே கடிதத்தை எனக்கு எழுத முடியும். அதுதான் சோதனை. எழுதியதெல்லாம் நடந்த பிறகும் நிலைமை அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு என்றால், நீங்கள் எழுதியது வேலைப் பட்டியல். வேலைப் பட்டியல் வேண்டும்தான், அதற்கு வேறு நோட்டு.

அப்புறம் நோக்கம். வியாபாரத்தைப் பெருக்குவது என்று எழுதாத கடை தமிழ்நாட்டில் உண்டா? உங்கள் கடிதத்திலேயே நோக்கம் இருக்கிறது, கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் வருகிறது, கொடுக்க முடியவில்லை. கொடுக்க முடியாத கடைக்கு ரீல்ஸ் எதற்கு? ஓட்டைக் குடத்துக்கு இன்னொரு குழாய் வைப்பது மாதிரி. ஆகவே முதல் வரியை இப்படி மாற்றுங்கள்: "சித்திரைக்குள், சொன்ன தேதியில் சேலை கொடுக்கும் கடை என்று எங்களுக்குப் பெயர் வர வேண்டும்." இதைக் கேட்டால் சாயக்காரருக்கும் புரியும், கல்லாவில் இருக்கும் பையனுக்கும் புரியும். யாராவது சட்டென்று, அக்கா அப்படியென்றால் வெள்ளிக்கிழமை நூல் தீர்ந்து போவதை முதலில் சரி பண்ணணுமே என்பார்கள். அப்படி ஒருவரைப் பேச வைத்தால் அது நல்ல நோக்கம்.

எண்களுக்கு வருவோம். போன சித்திரை ஆர்டர் நோட்டை எடுங்கள். இருக்கும், உங்கள் மாமனார் காலத்துப் பழக்கம் அப்படிச் சீக்கிரம் போகாது. பத்து ஆர்டருக்கு எத்தனை சொன்ன தேதியில் போயின என்று எண்ணுங்கள். நாலு என்று வைத்துக்கொள்வோம். முதல் எண்: நாலு எட்டாக வேண்டும். இரண்டாவது, துணி முடிச்சுக்குப் போய்த் திரும்பி வர எத்தனை நாள் ஆகிறது. எனக்குத் தெரிந்த கடைகளில் தாமதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 24 நாள் ஆகிறது என்றால் 15 நாளாக வேண்டும். இந்த இரண்டு எண்ணும் வேகத்தைப் பற்றியவை, வேகம் என்றாலே எங்காவது கோணல் வரும். அவசரத்தில் முடிச்சு தளரும், தளர்ந்த இடத்தில் சாயம் புகும், புள்ளி கலங்கும். அதனால் மூன்றாவது எண் காவலுக்கு: புள்ளி கலங்கியது, சாயம் விட்டது என்று திரும்பி வரும் சேலை போன வருஷத்தைவிட ஒன்றுகூட அதிகமாகக் கூடாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. க்ரோவ் 1983இல் எழுதிய மேலாண்மைப் புத்தகத்திலேயே, அளவை அளக்கிற எண் ஒன்று வைத்தால் தரத்தை அளக்கிற எண் ஒன்றையும் ஜோடியாக வை என்று சொல்லியிருக்கிறார். தொழிற்சாலையை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் என்ன தெரியுமா? வேகவைத்த முட்டை, ரொட்டி, காபி. மூன்றும் ஒரே நேரத்தில் சூடாக மேஜைக்கு வர வேண்டும். நம் ஊர் இட்லிக் கடை மாஸ்டருக்கு அந்த அத்தியாயத்தை விளக்க வேண்டியதே இல்லை.

மூன்று எண் போதும். நாலாவது வேண்டாம்.

காலம் பற்றி ஒன்று. கம்பெனிகளில் ஜனவரி முதல் மார்ச், ஏப்ரல் முதல் ஜூன் என்று மூன்று மூன்று மாதமாகப் பிரிப்பார்கள். உங்களுக்கு அது பொருந்தாது. பருத்திச் சேலைக்கு வெயில்தான் சீசன். தை பிறந்ததும் தொடங்கி, அழகர் ஆற்றில் இறங்கும் நாளோடு முடியட்டும் உங்கள் முதல் சுற்று. அடுத்த சுற்றை ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்த பிறகு யோசிக்கலாம்.

இன்னொன்றும் எழுத வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. முடிச்சுக்குப் போன துணி ஏன் 24 நாள் ஆகிறது என்று அந்தப் பெண்களிடம் நீங்களே உட்கார்ந்து கேளுங்கள், இடைத்தரகரிடம் கேட்க வேண்டாம். கூலி கைக்கு வர எத்தனை நாள் ஆகிறது என்பதுதான் முதல் பதிலாக வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். அந்தப் பெயர் அச்சுப் புள்ளிக்கு இல்லை, கையால் போடும் முடிச்சுக்கு. முடிச்சுப் போடுகிற விரலைக் காக்க வைத்துக்கொண்டு தேதி தவறுகிறது என்று வருத்தப்பட முடியாது. பங்குனியில் அந்த மூன்று எண்ணை மட்டும் ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள்.

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு நூற்பாலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஓகேஆர் மதிப்பெண்ணைச் சம்பள உயர்வோடும் போனஸோடும் இணைத்துவிட்டால் எல்லோரும் அக்கறையாகச் செய்வார்கள் என்று நிர்வாகம் நினைக்கிறது. எனக்கும் அது சரியாகவே படுகிறது. தங்கள் கருத்து?
– எச்.ஆர். அலுவலர்

இணைக்காதீர்கள். இப்போது கதை.

1998. நான் அப்போது கார்களுக்கு அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் ஒரு கம்பெனியில் தயாரிப்பு மேனேஜர். ரிஜெக்ஷன் நூற்றுக்கு 6 இருந்தது. முதலாளியிடம் நானே போய், தீபாவளி போனஸில் ஒரு பங்கை இதோடு கட்டிவிடலாம் சார், 3க்கு வந்தால் ஷிஃப்டுக்கே கூடுதல் ஒரு மாதச் சம்பளம் என்று யோசனை சொன்னேன். ஒப்புக்கொண்டார். முதல் மாதம் 5. இரண்டாவது மாதம் 3.2. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வரவழைத்து நாலு ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கும் என் கையால் கொடுத்தேன். அந்தப் பால்கோவாவை நினைத்தால் இன்றும் வெட்கம்.

மூன்றாவது மாதம், கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் என் அறை வாசலில் வந்து நின்றார். "சார், பாய்லர் ரூமுக்குப் பின்னாடி பாம்பு கெடக்கு, சாக்கு மூட்டைய எடுத்தாத்தான் கூட்ட முடியும்" என்றார். என்ன சாக்கு மூட்டை என்று போய்ப் பார்த்தால் பதினொன்று. எல்லாம் கழித்துப்போட்ட புஷ். எண்ணிக்கையில் வராமல் ஒளித்து வைக்கப்பட்டவை. பாம்பு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை.

அதைவிடப் பெரிய இடி பிறகு வந்தது. அச்சில் எட்டு நிமிஷம் வேக வேண்டிய புஷ்ஷை ஒரு பிரஸ்ஸில் ஏழு நிமிஷத்தில் எடுத்திருக்கிறார்கள். உற்பத்தி கூடினால் சதவீதம் தானாக இறங்கும் அல்லவா? வேகாத ரப்பர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். வண்டியில் மாட்டி ஆறு மாதம் ஓடினால் அமுங்கிப் போகும், திரும்ப எழும்பாது. வாடிக்கையாளரிடமிருந்து லாரியில் திரும்பி வந்தது.

யாரையும் வேலையை விட்டு எடுக்க நான் விடவில்லை. எடுப்பதாக இருந்தால் என்னைத்தான் எடுத்திருக்க வேண்டும். அவர்களுக்கு வீட்டில் தீபாவளி, நான் அதன் கழுத்தில் ஒரு எண்ணைக் கட்டித் தொங்கவிட்டேன். போனஸைப் பழையபடி ஆக்கினோம். ஒவ்வொரு பிரஸ் பக்கத்திலும் ஒரு சிவப்பு டிரே, ஒரு கரும்பலகை. கழித்ததை டிரேயில் போட்டு எண்ணிக்கையை ஆபரேட்டரே சாக்பீஸால் எழுத வேண்டும், எவ்வளவு எழுதினாலும் ஒரு கேள்வி கிடையாது. அந்த மாதம் வந்தது 7.4. கவனியுங்கள், பழைய 6ஐவிட அதிகம். அப்படியென்றால் அந்த 6உம் பொய்தான். முதல் தடவையாக உண்மை எண் கைக்கு வந்தது. பலகையைப் பார்த்ததில் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் மட்டும் இடது பக்க அச்சில் கழிவு குவிவது தெரிந்தது. அந்தப் பக்கத் தட்டு சூடு குறைவு. ஹீட்டரை மாற்றினோம். ஒரு வருஷம் கழித்து 4. நான் இருந்தவரை 3 வரவே இல்லை.

க்ரோவ் இதைத்தான் வேறு மாதிரி சொல்கிறார்: இலக்கு என்பது ஒருவர் தன் ஓட்டத்தைத் தானே பார்த்துக்கொள்ள அவர் கையில் கொடுக்கிற ஸ்டாப்வாட்ச், அவரை எடைபோடுகிற பத்திரம் இல்லை. கூகுளிலும் ஓகேஆர் மதிப்பெண்ணை ஆளுக்கு மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்வதில்லை. மீறினால் என்ன ஆகும் என்பதற்கு என் சாக்கு மூட்டை சின்ன உதாரணம். பெரிய உதாரணம் வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கி. ஒரு வாடிக்கையாளருக்கு 8 கணக்கு, திட்டம் என்று விற்க வேண்டும் என ஊழியர்களை நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்கு திறந்தார்கள். 2016இல் வெளியே வந்தபோது 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 பேரை வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். நெருக்கியது மேலே, வேலை போனது கீழே.

பின்னே சம்பள உயர்வை எப்படி முடிவு செய்வது என்று நிர்வாகம் கேட்கும். ஒரு மனிதர் வருஷம் முழுக்க எப்படி வேலை பார்த்தார், நூல் அறுந்த ராத்திரியில் நின்றாரா, புதிதாக வந்த பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தாரா, எவ்வளவு கடினமான இலக்கைத் துணிந்து எடுத்தார் என்று மேலதிகாரி நேரில் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தான் பலர் எண்ணைத் தேடுகிறார்கள் என்பது என் சந்தேகம். உங்கள் ஆலையில் பீஸ் ரேட் இருந்தால் அது அப்படியே இருக்கட்டும், அது கூலி. அதை ஓகேஆரோடு குழப்ப வேண்டாம்.

கேபிஐ (செயல்பாட்டை அளக்கும் முக்கியக் குறியீடு), ஓகேஆர் என்ன வித்தியாசம்? இரண்டும் எண்தானே?
– கல்லூரி மாணவர், மேலூர்

மேலூர்க்காரருக்கு வைகை அணையை வைத்துச் சொல்கிறேன். அணையில் தண்ணீர் தேக்கும் முழு உயரம் 71 அடி. 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. நீர்வளத்துறைக்காரர் தினமும் மட்டத்தைப் பார்த்துக் குறிப்பார். வருஷா வருஷம் பார்ப்பார், அது நிற்காது. அது கேபிஐ. நிலவரம் சரியாக இருக்கிறதா என்று சொல்லும் எண். "இந்தப் போகத்தில் கடைமடை வரைக்கும் தண்ணீர் போக வேண்டும்" என்று ஒரு வருஷம் முடிவெடுத்து, எத்தனை கண்மாய் நிரம்பியது, கடைசி வயலுக்கு எத்தனாவது நாளில் தண்ணீர் வந்தது என்று பார்த்தால் அது ஓகேஆர். கடைமடையில் இருக்கிற உங்களுக்கு எது முக்கியம் என்று நான் சொல்ல வேண்டாம்.

உசிலம்பட்டி பக்கம் மாலை நேரப் பள்ளி நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. லாபம் கிடையாது, விற்பனை கிடையாது. பிள்ளைகளின் தன்னம்பிக்கையை எந்த எண்ணால் அளப்பது? இது எங்களுக்கு ஒத்துவராது என்று நினைக்கிறேன்.
– ஓய்வு பெற்ற ஆசிரியை

டீச்சர், அண்ணா நகருக்கு ஒரு நடை போய் அரவிந்த் கண் மருத்துவமனை வாசலில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் 11 படுக்கையோடு தொடங்கினார். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பதுதான் அவர் வைத்த நோக்கம். ஓகேஆர் என்ற சொல்லை அவர்கள் பயன்படுத்தியதாக நான் சொல்ல வரவில்லை. அந்த நோக்கத்தின் கீழே எதை எண்ணுவது என்பதில்தான் பாடம் இருக்கிறது.

கிராமத்தில் முகாம் போட்டு இத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்று எண்ணிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். பரிசோதித்ததோடு பார்வை வந்துவிடாது. புரை இருக்கிறது என்று தெரிந்த கிழவி மதுரைக்கு வந்து ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். ஆபரேஷன் இலவசம் என்று சொன்னாலும் பஸ் காசு வேண்டும், கூட வர ஆள் வேண்டும், தங்க இடம், சாப்பாடு வேண்டும். அதனால் முகாமிலிருந்தே பஸ்ஸில் ஏற்றி வந்து, சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் கட்டுப்படியாகவில்லை என்றதும் 1992இல் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். பார்வை திரும்பியவர்களை எண்ணினால்தான் பஸ்ஸும் லென்ஸும் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் பள்ளியில் தன்னம்பிக்கையை அளக்க வேண்டாம். அது இருந்தால் பிள்ளை என்ன செய்யும் என்று பாருங்கள். வகுப்பில் தானாகக் கேள்வி கேட்கும் பிள்ளைகள் வாரத்துக்கு எத்தனை? ஒரு பக்கத்தைத் தடங்கலின்றி வாசித்துக் காட்டுகிறவர்கள் தையில் எத்தனை, பங்குனியில் எத்தனை? எட்டாம் வகுப்போடு நிற்கப் போகிறாள் என்று நீங்கள் பயந்த பெண்களில் எத்தனை பேர் ஒன்பதில் சேர்ந்தார்கள்? கடைசிக் கேள்விக்கு எண் ஒன்றோ இரண்டோதான் வரும். அந்த ஒன்றுக்காக நீங்கள் எத்தனை வீட்டு வாசலில் போய் நின்றிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்கொடையாளர் கேட்கிறார் என்பதற்காக அதை நூறாக்கிக் காட்டாதீர்கள்.

கப்பலூர் சிட்கோவில் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன், 22 பேர். ஓகேஆர் எழுதி ஆறு வாரம் ஆகிறது. திங்கட்கிழமை காலை கூட்டம் போட்டு எண்களைக் கேட்டால் எல்லோரும் "போயிட்டிருக்கு சார்" என்கிறார்கள். வேறு பேச்சே வரவில்லை.
– சிறு தொழில் முனைவோர்

"போயிட்டிருக்கு" என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம், எனக்கு அனுபவம் உண்டு. முதலில் நாற்காலிகளை எடுத்துவிடுங்கள், நின்றுகொண்டே பதினைந்து நிமிஷம். எண் எவ்வளவு, போன வாரத்தைவிட ஏறியதா இறங்கியதா, எங்கே இடிக்கிறது, இவ்வளவுதான் கேள்வி. இறங்கிய எண்ணைச் சொன்னவரிடம் ஏன் என்று உடனே கேட்காதீர்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். முதல் மூன்று வாரம் உங்கள் பொறுப்பில் இருக்கும் எண்ணை நீங்களே முதலில் சொல்லுங்கள், அதிலும் தவறிப்போனதை. பேங்க் லோன் தள்ளிப் போனதோ, வசூல் நின்றதோ, எதுவானாலும். நாலாவது வாரமும் யாரும் வாயைத் திறக்கவில்லை என்றால் எழுதுங்கள், நானே காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் யூனிட் டோல்கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் கடிதத்தில் குறிப்பிட்டுவிடுங்கள்.